மருந்து கலந்த விதையைக் கையில் எடுக்கும் முன்: விதைப்பு வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

மக்காச்சோளம், பருத்தி, கடலை ஊன்றும் வேலைக்கு முதல் தடவையாகப் போகிறீர்களா? அப்படியென்றால் ஒன்றை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டைப் பிரித்ததும் ரோஸ், சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதோ ஒரு சாயம் ஏறிய விதை வந்தால் அது வெறும் விதை இல்லை, மருந்து. முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு மருந்தடிக்கப் போகிறவரிடம் மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். விதை ஊன்றப் போகிற பெண்களிடம் அப்படி யாரும் சொல்வதில்லை. பெரிதாக வாடை வராது, புகை மாதிரி எதுவும் பறக்காது, கை எரியவும் எரியாது. அதனாலேயே நாள் முழுக்க வெறுங்கையால் அள்ளி, அதே கையால் வெற்றிலை போட்டு, அதே சேலையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குகிறார்கள்.

இதற்காக வேலைக்கே போக வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சில பழக்கங்களை மாற்றிக்கொண்டால் உடம்பில் ஏறும் மருந்தில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். காலையில் காட்டுக்குள் இறங்குவது முதல் சாயங்காலம் வீடு திரும்புவது வரை என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பாக்கெட்டைப் பாருங்கள்

1968 விதை விதிகள்படி, மருந்து கலந்த விதை என்றால் அதை லேபிளில் சொல்லியே ஆக வேண்டும், எந்த மருந்து என்ற பெயரும் இருக்க வேண்டும். மனிதருக்கோ கால்நடைக்கோ கெடுதல் செய்யும் மருந்தாக இருந்தால் உணவுக்கும் தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையும் வேண்டும். பெரும்பாலும் இது பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்தான் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, பாக்கெட்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் யாருடைய செல்போனிலாவது படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். யாருக்காவது ஏதாவது ஆனால் டாக்டர் முதலில் கேட்பது என்ன மருந்து என்பதைத்தான். அப்போது போய் வரப்பில் பாக்கெட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பருத்தி விதையில் பொதுவாக இமிடாகுளோபிரிட் இருக்கும், சாறு உறிஞ்சும் பூச்சிக்காக. மக்காச்சோளத்தில் 2018 இல் படைப்புழு வந்த பிறகு சயான்ட்ரானிலிப்ரோலும் தயாமீத்தாக்சாமும் கலந்த விதை பரவலாகிவிட்டது. அடிச்சாம்பல் நோய்க்கு மெட்டலாக்சில், பூஞ்சாணத்துக்குத் தைரம், கார்பென்டாசிம். கடலையில் வெள்ளைப் புழுவுக்குக் குளோர்பைரிபாஸ் கலப்பவர்கள் உண்டு. இந்தப் பட்டியலில் உடம்புக்கு உடனே பெரிய ஆபத்தைக் கொண்டுவரக் கூடியது குளோர்பைரிபாஸ்தான், அது நரம்பைத் தாக்கும் வகை.

சாயம் இல்லை என்றால் மருந்து இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கம்பெனி விதைக்குத்தான் சாயம் ஏற்றுவார்கள். தோட்டக்காரர் வீட்டிலேயே விதை நேர்த்தி செய்திருந்தால், அதாவது விதையில் மருந்தைக் கலந்திருந்தால், கடலைப் பருப்பின் மேல் மெல்லிசாக வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும், அல்லது எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுமினுப்பும் காட்டமான வாடையும் மட்டும் இருக்கும். சாக்கில் கொட்டிக் கொண்டுவந்த உதிரி விதையாக இருந்தால், "அண்ணே, இதில் என்ன கலந்தீங்க?" என்று வாய் விட்டுக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். வீட்டில் கலந்தது என்றால் மருந்து டப்பாவில் சாய்சதுரமாக ஒரு குறி இருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு மிகக் கடும் விஷம், மஞ்சள் கடும் விஷம், நீலம் நடுத்தரம், பச்சை எல்லாவற்றிலும் குறைவு.

எதைப் போட்டுக்கொள்வது

சேலைக்கு மேலே ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் ஏற்கனவே இருக்கிறது, ரொம்ப நல்லது, அதை விடாதீர்கள். பட்டனைக் கழுத்து வரை போடுங்கள். தலைக்குத் துண்டு. காலுக்கு மூடின செருப்போ பழைய ஷூவோ இருந்தால் நல்லது.

கையுறைதான் முக்கியம். நைட்ரில் கையுறை கிடைத்தால் அது, இல்லாவிட்டால் பாத்திரம் கழுவப் போடும் ரப்பர் கையுறை போதும். துணிக் கையுறை வேண்டவே வேண்டாம். அது வியர்வையையும் மருந்துத் தூளையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு நாள் முழுக்கத் தோலோடு ஒட்டி வைக்கும், அதற்கு வெறுங்கையே மேல். ஊசி போடும்போது டாக்டர்கள் போடும் மெல்லிய கையுறை மண்ணில் கொஞ்ச நேரத்திலேயே கிழிந்துவிடும். கையுறை போட்டால் ஒரு குழிக்கு ஒரு விதை என்று எண்ணிப் போட வரவில்லை, ரெண்டு மூணு சேர்ந்து விழுகிறது என்று கழற்றிப் போட்டுவிடுகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் காரணம் அளவு. ஆண்கள் கைக்கு வாங்கின பெரிய கையுறையைப் பெண்களுக்குக் கொடுத்தால் விரல் நுனியில் அரை அங்குலம் தொங்கும், அதை வைத்துக்கொண்டு விதையைப் பிடிக்க முடியாது. சிறிய அளவு கேட்டு வாங்குங்கள். ஆரம்பத்தில் தடுமாறும், போகப் போகக் கை பழகிவிடும்.

மோதிரத்தையும் கண்ணாடி வளையலையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். அதன் அடியில் தங்கும் தூளைச் சோப்புப் போட்டாலும் எடுக்க முடியாது.

மடியில் விதை கட்டாதீர்கள்

இந்த ஒன்றை மட்டுமாவது கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். சேலை முந்தானையை மடியாகக் கட்டி, அதில் விதையைக் கொட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து ஊன்றிக்கொண்டே போவது எங்கும் பார்க்கிற காட்சி. குனியக் குனிய அந்த மடி வயிற்றில் அழுந்துகிறது. வெயிலில் வேர்க்கிறது. வேர்வையில் சேலை நனைந்து, சாயம் கரைந்து, உள்பாவாடை வரைக்கும் ரோஸ் கறை இறங்கியிருக்கும். சாயம் இறங்கும் இடத்துக்கெல்லாம் மருந்தும் இறங்கும்.

உடம்பின் தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை வைத்து முன்பு மனிதர்களிடம் செய்த சோதனையில், முன்கைத் தோலைவிட வயிற்றுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கும், நெற்றி நான்கு மடங்கும் மருந்தை உள்ளே இழுத்தது தெரியவந்தது. தொடை இடுக்குப் பகுதி இன்னும் பல மடங்கு. ஆக, மடியில் விதையைக் கட்டுவது உடம்பில் மருந்து சுலபமாக ஏறுகிற இடமாகப் பார்த்து வைத்துக் கட்டுவது. அதே போல, விதைக் கையால் நெற்றி வியர்வையை வழித்துவிடுவதும் கெட்ட பழக்கம். சட்டையின் மேல்கையில் துடைத்துக்கொள்ளுங்கள், அல்லது தோளில் தனியாக ஒரு துண்டு போட்டுக்கொண்டு, கையுறையைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள்.

மடிக்குப் பதில் என்ன? பெயின்ட் வாங்கின சின்னப் பக்கெட் போதும், அதன் கைப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டித் தோளில் மாட்டிக்கொள்ளலாம். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பக்கத்தை வெட்டி இடுப்பில் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. உரச்சாக்கின் உள்ளே வரும் பிளாஸ்டிக் உறையைக் கழுவிப் பையாகத் தைத்து, சட்டைக்கு வெளியே மாட்டிக்கொண்டாலும் சரிதான். விதை உடம்பில் படக் கூடாது, நனையக் கூடாது, அவ்வளவுதான். எதை எடுத்தாலும் அதற்கென்றே ஒதுக்கி வைத்துவிடுங்கள், பிறகு அதில் தண்ணீர் மொள்ளக் கூடாது.

பிரிப்பது, கொட்டுவது, டிராக்டரில் நிரப்புவது

மூட்டையைப் பிரிக்கும்போதுதான் தூள் அதிகம் கிளம்பும், அதிலும் மூட்டையின் அடியில் தங்கியிருப்பது பெரும்பாலும் மருந்துத் தூள்தான். காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்றுகொண்டு, கத்தரியால் வெட்டி (பல்லால் கடித்துப் பிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்), தாழ வைத்து மெதுவாகச் சரியுங்கள். கடைசிக் கைப்பிடிக்காக மூட்டையை உதறாதீர்கள். இந்த நேரத்தில் முகக்கவசம் வேண்டும், என்95 இருந்தால் நல்லது. மூக்கைச் சுற்றிக் கட்டின துண்டு பெரிய தூளைத்தான் தடுக்கும், அதுவும் கொஞ்ச நேரத்தில் துண்டே தூளாகிவிடும்.

டிராக்டர் விதைப்புக் கருவியிலோ தள்ளிக்கொண்டு போகும் விதைப்பானிலோ வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். பெட்டியில் விதையை நிரவக் கையை விடாதீர்கள், ஒரு குச்சி வைத்துக்கொள்ளுங்கள். குழாய் அடைத்துக்கொண்டால் வாயை வைத்து ஊதாதீர்கள். அவசரத்தில் செய்துவிடுவார்கள், மருந்து நேராக உதட்டிலும் நாக்கிலும் படும். ஒரு கம்பி போதும்.

கரையில் சிந்தின விதையை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. சாயம் ஏறிய விதை பறவைக்கும் கண்ணில் படும், மயிலும் புறாவும் கோழியும் வந்து பொறுக்கும். அள்ளிக் குழி தோண்டி மூடுங்கள்.

டீ, சாப்பாடு, வெற்றிலை

பத்து மணிக்கு டீயும் வடையும் வரும். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வடையை எடுப்பது வழக்கம். முந்தானையில்தான் காலையிலிருந்து விதை இருந்தது என்பது அப்போது ஞாபகத்துக்கு வராது.

கையுறையோடேயே கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிறகு கையுறையைக் கழற்றுங்கள், பிறகு வெறுங்கையை ஒரு தடவை கழுவுங்கள். இந்த வரிசை முக்கியம், மாற்றினால் கையுறையின் வெளியில் இருக்கும் மருந்து விரலுக்கு வந்துவிடும். கழுவாமல் கழற்றி, அப்புறம் திரும்பப் போட்டால், கையுறைக்குள்ளேயே மருந்து போய் அடைந்துவிடும். சாப்பாட்டுத் தூக்கையும் தண்ணீர்க் குடத்தையும் விதை மூட்டைக்குப் பக்கத்தில் ஒரே மர நிழலில் வைக்காதீர்கள், வேறு மரம் பாருங்கள். தூளி கட்டிக் குழந்தையைப் போடுகிறவர்களுக்கும் இதேதான்.

வெற்றிலை, புகையிலை, பீடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பாட்டுக்குக் கை கழுவுகிறவர்கள்கூட இதற்குக் கழுவுவதில்லை. சுருக்குப்பை இடுப்பில் இருக்கும், நடுச்சாலில் நின்று வெற்றிலையை எடுத்துத் தொடையில் தேய்த்து, சுண்ணாம்பு தடவி, வாயில் ஒதுக்கிக்கொள்வார்கள். விரலில் இருக்கும் மருந்து சுண்ணாம்போடு சேர்ந்து கன்னத்துக்குள் மணிக்கணக்கில் கிடக்கும். ஊன்றும் நாளில் சுருக்குப்பையைச் சாப்பாட்டுத் தூக்கோடு வைத்துவிடுங்கள், கை கழுவின பிறகு போட்டுக்கொள்ளலாம். ஒண்ணுக்குப் போவதற்கு முன்னாலும் கை கழுவ வேண்டும், வந்த பிறகு மட்டும் கழுவினால் போதாது. மருந்து அதிகம் ஏறும் இடம் எது என்று மேலே சொன்னேன்.

ஆண்களுக்கு ஒன்று. தைரம் கலந்த விதையில் வேலை செய்துவிட்டு அன்று சாயங்காலம் சாராயமோ பிராந்தியோ குடிக்காதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரையும் தைரமும் ஒரே குடும்பம். உடம்பில் தைரம் இருக்கும்போது சாராயம் சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி, தலைவலி, மூச்சு முட்டல் வரும். சரக்கு சரியில்லை என்று நினைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

நிலத்துக்காரர்களுக்கு

ஒரு சோப்பு, இரண்டு குடம் தண்ணீர், ஆளுக்கு ஒரு ஜோடி கையுறை. ஒரு மூட்டை கலப்பின விதைக்குக் கொடுக்கும் பணத்தோடு பார்த்தால் இது ஒரு செலவே இல்லை. மோட்டார் கொட்டகை கால் கிலோமீட்டர் தள்ளி இருந்தால் யாரும் டீக்காக நடந்து போய்க் கை கழுவ மாட்டார்கள், கூலிக்கு நேரம் பார்க்கிறவர்களால் முடியாது. தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவந்து வையுங்கள். விதையில் என்ன மருந்து இருக்கிறது என்று காலையிலேயே எல்லோருக்கும் சொல்லுங்கள். கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கும் தாய்மாரையும் விதையைத் தொடாத வேலைக்கு, பார் அணைக்கவோ தண்ணீர் கட்டவோ, கூலியைக் குறைக்காமல் மாற்றிவிடுங்கள். பிள்ளைகளை இந்த வேலைக்குள் விடவே கூடாது.

வீட்டில் விதை நேர்த்தி செய்வதாக இருந்தால்

அன்னக்கூடையில் கொட்டி, மருந்தைத் தூவி, கையால் பிசைவது வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் விதையையும் மருந்தையும் போட்டு மூடி, தரையில் உருட்டுங்கள். வேளாண் துறையில் கையால் சுற்றும் உருளை கிடைத்தால் இன்னும் சுலபம். கொஞ்சமாக இருந்தால் தடித்த பாலித்தீன் பையில் போட்டுக் குலுக்கலாம். வீட்டுக்குள் செய்யாதீர்கள், வெளியில் நிழலில் செய்யுங்கள். உலர்த்த முறத்தையும் சமையல் தாம்பாளத்தையும் எடுக்காதீர்கள், பழைய சாக்குப் போதும்.

அளவைக் கூட்டினால் விதை நன்றாக முளைக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கடலைக்குக் கார்பென்டாசிம் கிலோவுக்கு 2 கிராம்தான் பரிந்துரை. வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் ரைசோபியம் நுண்ணுயிரைக் கலப்பதாக இருந்தால் மருந்து கலந்து 24 மணி நேரம் கழித்துக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்தில் நுண்ணுயிர் செத்துவிடும். நோய்த் தொல்லை பெரிதாக இல்லாத காட்டுக்கு, நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணமான டிரைக்கோடெர்மா விரிடி கிலோவுக்கு 4 கிராம் போட்டாலே போதும் என்பது என் கருத்து. அதற்கும் முகக்கவசம் வேண்டும், ஆனால் கவலை ரொம்பக் குறைவு. நெல்லுக்குக் கார்பென்டாசிம் கரைசலில் விதையை ஊறவைக்கிறவர்கள், வடித்த தண்ணீரை மாட்டுத் தொட்டிப் பக்கமோ வாய்க்காலிலோ ஊற்றிவிடாதீர்கள்.

கரும்புக் கரணையை நனைக்க வாங்கின பழைய பாதரச மருந்து ஏதாவது கொட்டகையில் கிடந்தால் அதைத் தொடாதீர்கள். அந்த வகை 2018 இல் தடை செய்யப்பட்டுவிட்டது. வேளாண்மை அலுவலரிடம் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

மிச்ச விதை, காலி மூட்டை

மக்காச்சோளம் அரைப் படி மிஞ்சினால் கழுவிக் கோழிக்குப் போடலாம் என்று தோன்றும். கழுவினால் போவது சாயம்தான், மருந்து போகாது. இது நடந்து முடிந்த கொடுமை. 1971 கடைசியில் இராக்கில், மீத்தைல் பாதரசம் கலந்த விதைக் கோதுமை கிராமங்களுக்கு வந்து சேர்ந்தபோது பல இடங்களில் விதைப்பே முடிந்திருந்தது. மூட்டையில் எச்சரிக்கை இருந்தது, ஆனால் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும். சிவப்புச் சாயத்தைக் கழுவினால் விஷம் போய்விட்டது என்று நம்பினார்கள். கோழிக்குப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு, சில நாள் ஒன்றும் ஆகவில்லை. ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். பாதரசம் வேலையைக் காட்ட வாரக்கணக்கில் ஆகும். 6,530 பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், அதில் 459 பேர் இறந்துபோனார்கள். இன்றைக்கு நம் கைக்கு வரும் விதையில் பாதரசம் இல்லை என்றாலும், கழுவினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அப்படியே இருக்கிறது.

மிச்ச விதையை எண்ணி நிலத்துக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அவர் அதைப் பூட்டி வைக்கட்டும், ஆனால் அரிசி பருப்பு இருக்கும் அறையில் வேண்டாம். காலி மூட்டை கெட்டியாக, பளபளப்பாக இருக்கும், ரேஷன் அரிசி வாங்கவும் படுக்கவும் எடுத்துப் போகத் தோன்றும். கிழித்து, வீடும் கிணறும் இல்லாத இடத்தில் ஆழப் புதைக்க வேண்டும். எரிக்கக் கூடாது, அந்தப் புகையும் விஷம்.

வீட்டுக்குப் போனதும்

குழந்தை ஓடி வரும். முதலில் குளியல், அப்புறம்தான் தூக்குவது. தலைக்கும் சேர்த்துக் குளியுங்கள், நக இடுக்கைத் தேயுங்கள். வேலைத் துணியை மற்ற துணியோடு ஊறப்போடாமல் தனியாகத் துவைத்து வெயிலில் காயவிடுங்கள். கையுறையையும் கழுவிக் கவிழ்த்துக் காயப்போடுங்கள், ஓட்டை விழுந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால்

தலைசுற்றல், வாந்தி, வயிற்றுப் பிரட்டல், கண் எரிச்சல், தோலில் தடிப்பு வந்தால் வெயில் என்று தள்ளிவிடாதீர்கள். வாயில் எச்சில் வழிவது, அடக்க முடியாத வேர்வை, கண்மணி புள்ளியாகச் சுருங்குவது, சதை துடிப்பது, மூச்சுத் திணறுவது இதெல்லாம் குளோர்பைரிபாஸ் வகை மருந்தின் அறிகுறி, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஆளை முதலில் விதையிடமிருந்து தள்ளி நிழலுக்குக் கொண்டுபோங்கள். நனைந்த துணியைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் இமையைத் திறந்து பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். கழுவிவிடுகிறவரும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். விதையையோ மருந்தையோ விழுங்கியிருந்தால் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்தோ தொண்டைக்குள் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விட்டால் இன்னும் ஆபத்து. பால், முட்டை, மோர் எதுவும் வேண்டாம். மயங்கிக் கிடந்தால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்துக்கொண்டு 108க்குக் கூப்பிடுங்கள்.

வண்டி வருவதற்குள் டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தையும் கேட்கலாம், 1800 116 117, கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது விதை பாக்கெட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் பிடித்த படத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள். வெயில் மயக்கம் என்றோ சாப்பிடாமல் வேலை செய்தது என்றோ சொல்லாமல், மருந்து கலந்த விதை ஊன்றினோம், இத்தனை மணி நேரம், கையுறை இல்லாமல் என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். கூட வேலை செய்த மற்றவர்களுக்கும் அன்று ராத்திரி எப்படி இருக்கிறது என்று ஒரு போன் போட்டு விசாரித்துவிடுங்கள், ஒரே மூட்டையிலிருந்துதானே எல்லோரும் எடுத்தீர்கள்.